உள்மூச்சின் ஸ்வரம்

காற்று வாத்தியக்காரர்களை மேடைக்கு அருகில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அவர்கள் மூச்சைத் திருடுகிறார்கள். நாகஸ்வரக்காரர் ஒரு நீண்ட சஞ்சாரத்தை முடித்துச் சீவாளியிலிருந்து உதட்டை எடுக்கும் அந்த நொடிக்குள் மார்பு நிரம்பிவிட வேண்டும். தவில்காரர் ஒரு சொல்லைப் போட்டு அந்த இடத்தை மூடிக்கொடுப்பார். புல்லாங்குழலில் இடைவெளி இன்னும் அப்பட்டம். மைக் நெருக்கமாக இருந்தால் காற்றை இழுக்கும் 'உஸ்' கூட நம் காதில் விழும். ஒத்து ஊதுகிறவர் மூக்கால் இழுத்துக்கொண்டே கன்னத்தில் தேக்கிய காற்றை வெளியே விட்டு, அறுபடாத ஷட்ஜத்தைக் கச்சேரி முழுக்கப் பிடித்துத் தருகிறார். அவருடைய வித்தையும் உள்மூச்சை மறைக்கிற வித்தைதான். ஊதுகிற வாத்தியங்களில் வெளியே போகும் காற்றுக்குத்தான் குரல். உள்ளே வருவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மௌத் ஆர்கனில் உள்ளே வரும் காற்றும் பாடுகிறது. சீனத்தின் ஷெங், லாவோஸின் கேன் என்று அதன் மூத்த உறவுகளிலும் இது உண்டு. ஆனால் சட்டைப்பையில் அடங்குகிற, குழந்தைக்கு வாங்கிக்கொடுக்கிற இந்தச் சின்னக் கருவியில்தான் உள்மூச்சு ஒரு தனி மொழியாகவே வளர்ந்திருக்கிறது. இசைத்தட்டுகள் வழியாக எனக்கு இது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். சிகாகோவில் ஒரு குளிர்கால இரவில், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மேதை வாசிக்க உட்கார்ந்து கேட்டபோதுதான் அது என் உடம்புக்குத் தெரிந்தது. அந்த வித்தியாசத்தைச் சொல்லப் பார்க்கிறேன்.

நமக்கு மௌத் ஆர்கன் சினிமா வழியாக வந்தது. 'ஷோலே'யில் (1975) அமிதாப் பச்சன் இரவு நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து வாசிப்பார். எதிர்மாடத்தில் ஜெயா பாதுரி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போவார். அங்கே ஒலித்தது பானு குப்தாவின் மூச்சு. அதற்குப் பதினோரு வருடம் முன்பு வந்த 'தோஸ்தி'யில், லக்ஷ்மிகாந்த்–பியாரேலால் இசைக்கு மௌத் ஆர்கன் வாசித்தவர் ஆர்.டி. பர்மன். செர்ஜியோ லியோனேயின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்' (1968) படத்தில் சார்லஸ் பிரான்ஸன் வாயில் வைக்கும் மௌத் ஆர்கனை இசையமைப்பாளர் எனியோ மோரிகோனேவுக்காக வாசித்தவர் ஃபிராங்கோ டி ஜெமினி. மூன்று படங்களும் வெவ்வேறு உலகம். மூன்றிலும் அந்த ஒலிக்கு அநேகமாக ஒரே வேலை: பேச முடியாதவன், அல்லது பேச விரும்பாதவன், வார்த்தைக்குப் பதிலாக அதை எடுத்துக்கொள்கிறான். சினிமா இந்த வாத்தியத்தைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் தனிமை என்ற ஒரு உணர்ச்சியோடு நிறுத்திக்கொண்டது.

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிற வகையும் இதற்கு ஒரு காரணம். இங்கே அதிகம் விற்பது இரட்டை வரிசைத் துளைகள் கொண்ட ட்ரெமலோ. ஒரே ஸ்வரத்துக்கு இரண்டு ரீடுகள், அதாவது காற்றில் அதிரும் உலோக நாக்குகள். இரண்டுக்கும் சுருதியில் மயிரிழை வித்தியாசம். அந்த வித்தியாசம்தான் ஒலியை நடுங்க வைக்கிறது. வாயில் வைத்து ஊதினாலே இனிமை வந்துவிடும். ஆனால் அதில் ஒவ்வொரு ரீடும் தனித்தனி அறையில் அடைபட்டிருக்கிறது. ஒன்றின் காற்று மற்றதைத் தொடாது. அதனால் ஸ்வரத்தை வளைக்க அது இடம் கொடுப்பதில்லை. ஊதியது ஊதியபடி நிற்கும். பாடப்புத்தகம்போல் வரிசையாக ஒரு மெட்டை வாசிக்கலாம். நான் சொல்ல வந்த விஷயமோ அந்த வளைவுக்குள் இருக்கிறது.

அந்த வளைவை வளர்த்த, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசைக் கலைஞர்கள் கையில் வைத்திருப்பது ஒற்றை வரிசைப் பத்துத் துளைக் கருவி. ஜெர்மனியின் தென்மேற்கில் ட்ரோசிங்கன் என்ற சிற்றூரில் மத்தியாஸ் ஹோனர் என்ற கடிகாரக்காரர் 1857இல் மௌத் ஆர்கன் செய்யத் தொடங்கினார். முதல் வருடம் அவர் பட்டறையிலிருந்து வெளியே போனவை 650. முப்பது வருடத்துக்குள் ஆண்டுக்குப் பத்து லட்சம் என்ற அளவுக்கு அது தொழிற்சாலையாகிவிட்டது. பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்கா போனது. இன்றைக்கும் ப்ளூஸ்காரர்கள் விரும்புகிற 'மரீன் பேண்ட்' 1896இல் வந்தது: நடுவே பேரி மரத்தில் சீப்புப்போல் அறுத்த ஒரு சட்டம், மேலும் கீழும் ரீடுகள் தறைந்த இரண்டு பித்தளைத் தகடுகள், அவற்றை மூடும் இரண்டு உலோக உறைகள்.

ஒரு கட்டை சுருதியில் செய்த கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்துத் துளை, இருபது ரீடு. ஒவ்வொரு துளைக்குள்ளும் ஊதினால் பேசுவது ஒன்று, உறிஞ்சினால் பேசுவது ஒன்று. முதல் மூன்று துளைகளை ஊதினால் ச, க, ப. அதே மூன்றை உறிஞ்சினால் ரி, ப, நி. பஞ்சமம் இரண்டு முறை வருகிறது. மத்யமமும் தைவதமும் இல்லவே இல்லை. நடு ஸ்தாயியில் ஏழு ஸ்வரங்களும் உண்டு. மேல் ஸ்தாயியில் மறுபடி ஒன்று குறையும். அங்கே நிஷாதம் கிடையாது. இது கவனக்குறைவால் விட்டுப்போனதில்லை. ஐரோப்பிய நாட்டுப்புற நடனப் பாட்டுக்குப் பக்கத்துணையாக இரண்டு சுரக்கூட்டுகள் வேண்டும். இடது பக்கத்தில் சேர்த்து ஊதினால் ஒரு கூட்டு, சேர்த்து உறிஞ்சினால் மற்றது. அந்த வசதிக்காக இரண்டு ஸ்வரங்களைத் துறந்துவிட்டார்கள். பாட்டு நடு ஸ்தாயியில் நடக்கும், இடது ஓரம் தாளத்துக்கு முட்டுக்கொடுக்கும். செய்தவர்களின் எண்ணம் அவ்வளவுதான்.

கப்பலில் வந்து அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இறங்கிய இந்தக் கருவி, அடிமைகளின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் கைக்குப் போனது. பருத்திக் காட்டில் கூலி வேலை செய்கிறவனால் பியானோ வாங்க முடியாது. மௌத் ஆர்கன் வாங்க முடியும். அவர்கள் செய்த காரியம் நம் சங்கீதம் பழகிய காதுக்கு உடனே விளங்கும். அவர்கள் கிரக பேதம் செய்தார்கள். ஒரு கட்டைக் கருவியை ஐந்து கட்டையில் வாசித்தார்கள். அதன் பஞ்சமத்தையே ஷட்ஜமாக வைத்துக்கொண்டார்கள். சங்கராபரணத்தில் பஞ்சமத்தை ஷட்ஜமாக்கினால் ஹரிகாம்போதி கிடைக்கும் என்பது நமக்குத் தெரிந்த கணக்கு. அவர்களுக்குக் கிடைத்ததும் அதே ஸ்வர வரிசைதான், கைசிகி நிஷாதத்தோடு.

இதைவிடப் பெரிய மாற்றம் மூச்சில் நடந்தது. இப்போது ஆதார ஷட்ஜம் இரண்டாம் துளையை உறிஞ்சுவதில் வருகிறது. மூன்றாவதை உறிஞ்சினால் அந்தர காந்தாரம். நான்காவது பஞ்சமம். ஐந்தாவது கைசிகி நிஷாதம். உயிர் ஸ்வரங்கள் எல்லாம் உள்மூச்சுக்கு இடம் மாறிவிட்டன. ஜெர்மானியர் ஊதுவதற்காகச் செய்த கருவியை இவர்கள் உறிஞ்சும் கருவியாக்கிவிட்டார்கள்.

இனி வளைவுக்கு வருகிறேன். மூன்றாம் துளையை உறிஞ்சிக்கொண்டே நாக்கின் பின்பகுதியைத் தாழ்த்தி உள்ளே இழுக்க வேண்டும். வாய்க்குள் 'இ' என்ற வடிவம் 'ஓ' என்று மாறுவதுபோல. ஸ்வரம் இறங்கத் தொடங்கும். அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரத்தை நோக்கிச் சரியும்; அதற்கும் கீழே, துளையில் இருக்கும் மற்ற ரீடின் சுருதிக்கு அரை ஸ்வரம் மேலே வரைக்கும் போகும். ப்ளூஸின் உயிரான காந்தாரம் இரண்டு காந்தாரங்களுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. பியானோவில் அதற்குக் கட்டை கிடையாது. அதனால் பியானோக்காரர்கள் பக்கத்துக் கட்டைகள் இரண்டையும் சேர்த்து நசுக்கி அதைப் போலி செய்கிறார்கள். மௌத் ஆர்கன்காரர் நேராக அந்த இடத்தில் போய் நிற்கிறார், நிற்காமல் அசைகிறார். நான்காம் துளையை வளைத்தால் பிரதி மத்யமம் விழும். ஒரு கட்டைக் கணக்கில் இல்லாமல் போயிருந்த கீழ் மத்யமமும் தைவதமும்கூட இரண்டாம், மூன்றாம் துளைகளை வளைக்கும்போது வெளியே வந்துவிடும். செய்தவர் வைக்காத ஸ்வரங்களை வாசித்தவர் தொண்டையிலிருந்து எடுத்துப் போட்டார்.

இது எப்படி நடக்கிறது என்பது நெடுநாள் தெளிவில்லாமல் இருந்தது. பிட்ஸ்பர்க்கில் ஹென்றி பான்சன் என்ற புகழ்பெற்ற இதய அறுவை மருத்துவர் இருந்தார். அவர் மௌத் ஆர்கன் பித்தர். சகாக்களோடு சேர்ந்து 1998இல் ஒரு ஒலியியல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஒரு துளையில் ஒரு ரீடை மட்டும் அடைத்துவிட்டு மற்றதை வாசிக்கச் செய்து அளந்து பார்த்தார்கள். தெரிய வந்தது இது: வளைக்கும்போது உறிஞ்சலுக்கான ரீடு மெல்ல விட்டுக்கொடுக்க, அதே அறையில் இருக்கும் ஊதலுக்கான ரீடு பொறுப்பை ஏற்கிறது. இரண்டும் சேர்ந்து அதிர்கின்றன. எது எவ்வளவு அதிர வேண்டும் என்று தீர்மானிப்பது வாய்க்குழியின் வடிவம். வாசிப்பவரின் தொண்டை, நாக்கு, அண்ணம் எல்லாம் வாத்தியத்தின் பாகங்கள். வெளியே தெரிவது நாலங்குல உலோகம். மீதி வாத்தியம் உடம்புக்குள் இருக்கிறது.

அந்த இரவுக்கு வருகிறேன். சிகாகோவின் வடக்கே ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு ப்ளூஸ் கிளப். நீளவாக்கில் குறுகிய கூடம், தாழ்ந்த கூரை, வெளியே உறைபனி. வாசித்தவர் பெயரை எழுதாமல் விடுகிறேன்; இது அவரைப் பற்றிய விமர்சனம் இல்லை. அறுபது கடந்த கறுப்பின மனிதர், சாம்பல் நிறத் தொப்பி. பக்கத்து ஸ்டூலில் ஒரு பெட்டி திறந்திருந்தது. அதில் வரிசையாக மௌத் ஆர்கன்கள், ஒவ்வொரு சுருதிக்கும் ஒன்று. பாட்டுக்குப் பாட்டு ஒன்றை எடுப்பார். மேடை விளக்கில் சாய்த்து உறையில் பொறித்திருக்கும் சுருதி எழுத்தைப் பார்ப்பார். தொடையில் இரண்டு தட்டுத் தட்டி எச்சிலை உதறுவார். வாயில் வைத்ததும் கருவி காணாமல் போய்விடும். இரண்டு கைகளும் முகத்தின் கீழ்ப்பாதியை மூடிக்கொள்ளும். புருவத்துக்கும் கைக்கும் நடுவே கண்கள் மட்டும் தெரியும்.

முதல் ஒரு மணி நேரம் அவர் ஆம்ப்ளிஃபையரில் வாசித்தார். புல்லட் மைக் என்று அவர்கள் சொல்கிற உருண்டை மைக்கைக் கருவியோடு சேர்த்து உள்ளங்கைக்குள் காற்றுப் புகாமல் அடைத்துக்கொள்வது அந்த ஊரின் பாணி. பின்னால் வால்வு ஆம்ப்ளிஃபையர். ஒலி கரகரவென்று கொழுத்து, ஒரு சாக்ஸஃபோன் கோஷ்டியே வாசிப்பதாக வந்தது. நன்றாகத்தான் இருந்தது. இசைத்தட்டில் கேட்டுப் பழகிய சிகாகோ ஒலி இதுதான். இடைவேளைக்குப் பிறகு பக்கவாத்தியக்காரர்கள் வருவதற்கு முன்னால் அவர் தனியாக மேடையேறினார். மைக்கைக் கீழே வைத்தார். மேடையின் விளிம்புக்கு வந்து, வெறும் கருவியோடு ஒரு ரயிலைத் தொடங்கினார்.

ரயில் வாசிப்பது மௌத் ஆர்கன்காரர்களுக்கு மிகப் பழைய உருப்படி. வர்ணம்போல என்று சொல்லலாம். எல்லோருக்கும் பாடம், ஒவ்வொருவர் கையிலும் வேறு. மெதுவாக இரண்டு உறிஞ்சல், இரண்டு ஊதல். எஞ்சின் நிலையத்தை விட்டு நகரத் தயங்குகிறது. நாக்கு இடப்பக்கத் துளைகளை மூடி மூடித் திறக்க, சுரக்கூட்டு தாளமாகிறது. வலக்கை விசிறிபோல் திறந்து மூடுகிறது. ஒலி பக்கத்தில் வந்து தூரப் போகிறது. வேகம் பிடித்ததும் நான் அவர் கழுத்தைப் பார்க்கத் தொடங்கினேன். கேட்பதற்கும் பார்ப்பதற்கும் நடுவே இருந்த கோடு அங்கே அழிந்தது. ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் காறை எலும்புக்கு மேலே இருந்த குழி உள்ளே போனது. ஒவ்வொரு வளைவுக்கும் தொண்டைக்கட்டி கீழிறங்கியது. ரயில் ஊதும் இடம் வந்தது. நான்காம் துளையும் ஐந்தாம் துளையும் சேர்ந்த ஒரு நீண்ட உறிஞ்சல். ரயில் நம்மைக் கடந்து போகும்போது ஊதலின் சுருதி இறங்குமே, அப்படியே அதை வளைத்து இறக்கினார். மார்பு விம்மிக்கொண்டே போனது. இனி இடமில்லை என்ற நிலையில் மூக்குத் துவாரங்கள் விரிந்தன. மிஞ்சிய காற்று மூக்கு வழியே வெளியேறியது.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. நாகஸ்வரக்காரருக்கு மூச்சு முட்டுவது காற்று தீர்ந்துபோய். இவருக்கு முட்டுவது காற்று நிரம்பிப்போய். ஒருவர் காலியாகும் விளிம்பில் பாடுகிறார், மற்றவர் நிறையும் விளிம்பில் பாடுகிறார். மனிதன் அழும்போது கேவல் வருவது உள்மூச்சில். திடுக்கிடும்போதும், பிள்ளை விழுந்துவிட்டதைப் பார்க்கும்போதும், தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கும்போதும் நாம் காற்றை உள்ளேதான் இழுக்கிறோம். பேச்சு வெளிமூச்சு. பேச்சுக்கு முன்னால் வருவது உள்மூச்சு. அந்த இடத்துக்கு ஸ்வரம் கொடுத்த ஒரு வாத்தியத்தை அன்றைக்கு நேரில் பார்த்தேன். இசைத்தட்டில் இது ஏன் கிடைக்கவில்லை என்றால், பதிவில் ஊதலும் உறிஞ்சலும் ஒரே நிறத்தில் சமமாகிவிடுகின்றன. எது உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது என்று காது மட்டும் தனியாக நின்று பிரித்துவிட முடியாது. நேரில் கேட்கும்போது நம் மார்பும் கூடவே விரிகிறது. அன்று அந்தக் கூடத்தில் பலர் அவரோடு சேர்ந்து மூச்சை இழுத்ததை நான் கேட்டேன்.

ரயிலை வாசித்தவர்களில் டிஃபோர்ட் பெய்லியைச் சொல்லாமல் போகக் கூடாது. 1899இல் டென்னஸி மாநிலத்தில் பிறந்தவர். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கி ஒரு வருடம் படுக்கையில் கிடந்தார். குழந்தையின் கையில் கொடுக்கப்பட்டது மௌத் ஆர்கன். அசைய முடியாத பிள்ளை தூரத்து ரயிலையும், வேட்டை நாய்களையும், கோழிகளையும் கேட்டுக் கேட்டு வாசித்தது. வளர்ந்த பிறகும் அவர் ஐந்தடியைத் தொடவில்லை. நாஷ்வில் நகரின் டபிள்யூ.எஸ்.எம். வானொலியில் சேர்ந்தார். 1927 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு, மேல்நாட்டுச் சாஸ்திரிய இசை நிகழ்ச்சி ஒன்று ரயில் ஒலியைச் சித்திரிக்கும் உருப்படியோடு முடிந்தது. அடுத்து வந்த நாட்டுப்புற ('கன்ட்ரி') இசை நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே, பெய்லியை அழைத்து 'பான் அமெரிக்கன் ப்ளூஸ்' வாசிக்கச் சொன்னார். பான் அமெரிக்கன் அந்த ஊர் வழியாகப் போகும் ஒரு விரைவு ரயிலின் பெயர். வாசித்து முடித்ததும் ஹே வாயிலிருந்து, இதுவரை கிராண்ட் ஓபரா கேட்டீர்கள், இனி 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்ற பொருளில் ஒரு வாக்கியம் வந்தது. அமெரிக்காவின் மிகப் பிரபலமான நாட்டுப்புற இசை நிகழ்ச்சிக்கு இன்றுவரை அதுதான் பெயர். ஒரு கறுப்பின மனிதரின் ரயில் ஓடி முடித்த இடத்தில் வைத்த பெயர்.

அவருக்குக் கிடைத்ததையும் எழுத வேண்டும். வெள்ளைக்காரக் கலைஞர்களோடு ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் போனார். அவர் வாசிப்பைக் கேட்கக் கூட்டம் வந்தது. ஆனால் தென் மாநில ஓட்டல்கள் அவருக்கு அறை தரவில்லை, சாப்பாட்டு மேஜையில் இடம் தரவில்லை. 1941இல் நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு பல பத்தாண்டுகள் நாஷ்விலில் ஷூ பாலிஷ் கடை நடத்தினார். 1982இல் இறந்தார். கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2005இல்.

சிகாகோ ஒலிக்கு உருவம் கொடுத்த லிட்டில் வால்டரின் கதை வேறு. லூசியானாவிலிருந்து பதின்ம வயதில் சிகாகோ வந்து மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் வாசித்துக்கொண்டிருந்த பையன். சந்தை இரைச்சலிலும், எலெக்ட்ரிக் கிடார் வந்துவிட்ட மதுக்கடைகளிலும் மௌத் ஆர்கன் அமுங்கிப்போகும். மலிவு மைக்கைக் கைக்குள் அடைத்து ஆம்ப்ளிஃபையரைத் திணற வைத்து அவர் கண்டெடுத்த ஒலியைப் பிறகு வந்த எல்லோரும் பின்பற்றினார்கள். 1952இல் அவர் பதிவுசெய்த 'ஜூக்', பாட்டே இல்லாத வெறும் மௌத் ஆர்கன் தட்டு. பில்போர்டின் ஆர் அண்ட் பி பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. 1968இல், 37 வயதில், ஒரு சண்டையில் பட்ட அடிக்குப் பின் இறந்தார். அவர் மைக்கை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த மைக் அவருக்கு இன்னொரு தொண்டை. ஆனால் அது வந்த பிறகு மைக் இல்லாத வாசிப்பைக் கேட்பது அரிதாகிவிட்டது. எனக்கு அன்று கிடைத்த பத்து நிமிடம் அந்த அரிதான வகை.

இதை நம் பக்கத்து நினைவு ஒன்றோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்துக்குத் தடை விதித்தது. 1971வரை அது நீடித்தது. சொல்லப்பட்ட முக்கியக் காரணம், அதில் கமகம் வராது, ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே அது நடமாடாது என்பது. ஹார்மோனியமும் மௌத் ஆர்கனும் ஒரே வம்சம். இரண்டிலும் இருப்பது ஒரு முனை தறைந்து மறுமுனை சும்மா விட்ட பித்தளை ரீடு. ஒன்றில் காற்று துருத்தியிலிருந்து வருகிறது. மற்றதில் மார்பிலிருந்து வருகிறது. துருத்திக்குத் தொண்டை இல்லை. அதே ரீடை வாய்க்குள் கொண்டுவந்து, பக்கத்தில் இன்னொரு ரீடையும் வைத்ததும் அது அசையத் தொடங்கிவிடுகிறது. குற்றம் ரீடில் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

பொத்தானை அழுத்தினால் அரை ஸ்வரம் ஏறும் க்ரோமாட்டிக் வகை தனிக் கதை. பிரஸ்ஸல்ஸில் 1922இல் பிறந்த டூட்ஸ் தீலெமன்ஸ் அதில் ஜாஸின் முழுப் பரப்பையும் வாசித்தவர். ஆஸ்துமாக்காரர், 94 வயதுவரை இருந்தார். 'மிட்நைட் கௌபாய்' (1969) படத்தின் மௌத் ஆர்கன் அவருடையது. அதே வகையை வாசித்த லாரி அட்லருக்காக வான் வில்லியம்ஸ் போன்ற பெரிய இசையமைப்பாளர்கள் உருப்படிகள் எழுதினார்கள். பத்துத் துளைக் கருவியிலேயே பன்னிரண்டு ஸ்வரங்களையும் எல்லா ஸ்தாயியிலும் எடுக்கும் வழியை 1970ஐ ஒட்டி ஹவர்ட் லெவி வளர்த்தெடுத்தார். ஊதும்போதே ஊதல் ரீடை வாய்மூட வைத்து உறிஞ்சல் ரீடைப் பேச வைக்கும் முறை அது. அவர் அந்தக் கருவிக்கு ஒரு கான்செர்ட்டோவே எழுதி வாசித்திருக்கிறார். மூவர் மேலும் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனாலும் என் மனம் நிற்பது இரண்டாம், மூன்றாம், நான்காம் துளைகளை உறிஞ்சும் அந்தப் பழைய வளைவில்தான். அங்கே ஸ்வரம் எளிதாகக் கிடைப்பதில்லை. அதை இழுக்கிற பிரயாசை நமக்குக் கேட்கிறது.

நம் மேடைகள் மூடிய மனம் கொண்டவை அல்ல. வயலின் வந்து இருநூறு வருடமாகிறது. ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டைக் கொண்டுவந்தார், கத்ரி கோபால்நாத் சாக்ஸஃபோனை, யு. ஸ்ரீநிவாஸ் மாண்டலினை. ஒவ்வொன்றும் முதலில் சந்தேகத்தோடுதான் பார்க்கப்பட்டது. வாசித்தவர்கள்தான் அந்தச் சந்தேகத்தைப் போக்கினார்கள். உள்மூச்சிலேயே சரிந்தும் அசைந்தும் போகத் தெரிந்த ஒரு கருவி கர்நாடக இசைக்கு அந்நியமாகிவிடாது. மௌத் ஆர்கன் பழக நினைக்கிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: கடையில் முதலில் நீட்டப்படும் இரட்டை வரிசை வகையை எடுக்காதீர்கள். ஒற்றை வரிசை, பத்துத் துளை, ஒரு கட்டை சுருதி என்று கேட்டு வாங்குங்கள். மூன்றாம் துளையில் ஸ்வரம் இறங்குவதற்குச் சில வாரங்கள் ஆகும், அதுவரை விடாதீர்கள். சபாக்களை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அப்படி யாராவது வாசிக்கத் தயாராகி வந்தால், நூறு பேர் உட்காரும் சிறிய கூடத்தில், மைக் வைக்காமல், ஒரு மாலை அவர்களுக்கு இடம் கொடுங்கள்.